வியாழக்கிழமைக்காரி

என் வீட்டுக்காரருக்கு இன்னொருத்தி எண்ணெய் தேய்க்கிறாள் என்பதை அவருடைய காலுறையிலிருந்துதான் நான் கண்டுபிடித்தேன். காலுறையை நாங்கள் மேஸ் என்போம். சாம்பல் நிறத்தில் ஒரு சோடி மேஸ். குதி வரும் இடத்தில் மஞ்சளாக ஒரு கறை. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் பூவும் மருந்தும் கலந்த மாதிரி ஒரு வாசம். நல்லெண்ணெய் இல்லை, தேங்காயெண்ணெயும் இல்லை. எங்கள் வீட்டில் அந்த இரண்டையும் விட வேறு எண்ணெய் கிடையாது.

எங்கள் பக்கத்தில் ஒரு ஆம்பிளைக்கு எண்ணெய் வைப்பவள் சின்ன வயதில் தாய், கலியாணம் முடித்த பிறகு பெண்சாதி. மூன்றாவதாக ஒருத்தி அந்த வேலைக்கு வந்திருக்கிறாள் என்றால் அதற்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. மேஸைக் கையில் பிடித்தபடி நின்றேன். 

எண்பதுகளின் நடுப்பகுதி அது. சுவிசில் பேர்ண் நகரத்துக்குப் பக்கத்தில் ஓஸ்டர்முண்டிகனில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்தோம். ஓர் அறை, ஒரு குசினி, ஒரு குளியலறை. அவர் எனக்கு முன்னரே வந்து அகதியாகப் பதிந்து, நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை எடுத்திருந்தார். நான் பின்னால் வந்து ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கட்டடத்தின் நிலவறையில் எல்லா வீடுகளுக்கும் பொதுவாக ஒரு சலவை அறை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள் முறை. கோயில் திருவிழாவில் உபயகாரர் தங்கள் நாளை விட்டுக்கொடுக்காத மாதிரி, சுவிஸ்காரர் அந்த முறையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அன்று எங்கள் முறை. அவருக்குக் காய்ச்சல். இல்லாவிட்டால் அந்த மேஸ் என் கைக்கு வந்தே இருக்காது. மற்ற உடுப்பெல்லாம் என்னிடம் தருவார். மேஸை மட்டும் தானே குளியலறையில் கழுவி, தானே காயப்போட்டு, தானே எடுத்து மடித்து வைப்பார்.

வீட்டுக்குள் வெறுங்காலோடு திரியும் சனம் நாங்கள். அவரோ வாசலில் சப்பாத்தைக் கழற்றுவார், மேஸைக் கழற்ற மாட்டார். ஆடி மாத வெக்கையிலும் மேஸ். படுக்கையிலும் மேஸ். வெள்ளிக்கிழமைகளில் நான் சாமிப் படத்துக்கு விளக்கு வைத்தால் குசினி வாசலில் நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். மேஸ் போட்ட காலோடு சாமிக்குக் கிட்டப் போகவும் மனமில்லை, அதைக் கழற்றவும் மனமில்லை.

ஏன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கலியாணம் முடித்து மூன்று மாதத்தில் ஆமி அவரைப் பிடித்துக்கொண்டு போனது. பல மாதங்கள் முகாமில் வைத்திருந்தார்கள். உள்ளங்காலில் அடித்தார்கள். அது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். விட்ட பிறகு கொஞ்சக் காலம் என் மாமியார் வீட்டில் கிடந்தார். பிறகு யாரையோ பிடித்து எப்படியோ இங்கே அனுப்பி வைத்தோம். ஆனால் அந்தக் காலை நான் கண்டதில்லை. ஊரில் சீலைத்துணி சுற்றியிருந்தது, இங்கே மேஸ் மூடியிருந்தது.

காலை விடுங்கள். ஆளே எனக்குக் கிடைக்கவில்லை. கதவைப் பார்த்தபடி கதிரையில் இருந்துதான் நித்திரை கொள்வார். வாசல் மணி அடித்தால் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்வார். மணி அடித்தது மேல்வீட்டு அக்காவாக இருக்கும், கறிவேப்பிலை கேட்டு வந்திருப்பா. தப்பித்தவறி என் கால் அவர் காலில் பட்டுவிட்டால் சுவரோடு போய் ஒட்டிக்கொள்வார். கதை என்றால் ஓம், இல்லை, பாப்பம். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு பெண் எவ்வளவு காலம் குடும்பம் நடத்துவது? எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். கலியாணத்தன்று என் காதுக்குள் ஐயரின் தொந்தியைப் பற்றிப் பகிடி சொன்ன அந்த மனுசன் எனக்குத் திரும்ப வேண்டும். அதற்காக வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக விரதம் பிடித்தேன்.

அந்த வருசம் பனி உருகத் தொடங்கிய காலத்தில் அவரில் ஒரு மாற்றம் தெரிந்தது. வியாழக்கிழமை பின்னேரங்களில் கொஞ்சம் பிந்தி வருவார், வரும்போது முகம் இளகியிருக்கும். இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்குவார். ஒரு நாள் குசினியில் நின்று சீக்காய் கூட அடித்தார். சீக்காய் என்றால் விசிலடிப்பது. எனக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. அம்மாளாச்சி கண் திறந்துவிட்டா என்று நினைத்தேன், என் விரதத்தின் பலன் என்று மேல்வீட்டு அக்காவுக்கும் சொல்லித் திரிந்தேன். வெள்ளிக்கிழமை பிடித்த விரதத்துக்கு ஏன் வியாழக்கிழமை பலன் வருகிறது என்று கேட்க எனக்குப் புத்தி வரவில்லை.

மேஸும் கையுமாக நான் நின்றபோது அந்த அக்காவே படியிறங்கி வந்தா. என் கையிலிருந்து அதை வாங்கி மூக்கில் வைத்து மணந்து பார்த்தா.

“உது எங்கடை எண்ணெய் இல்லைப் பிள்ளை” என்றா.

“அது எனக்கும் தெரியும்.”

“வியாழக்கிழமையிலை உன்ரை மனுசன் ஏன் பிந்தி வாறவர்?”

“ஓவர்டைமாம்.”

“என்ரை மனுசனும் அங்கைதானே வேலை. வியாழக்கிழமை அங்கை ஒரு ஓவர்டைமும் கிடையாது.”

இதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தில் கவலை கொஞ்சம்தான், சந்தோசப் புளுகம்தான் கூட. இந்த ஊரில் எங்கள் சனத்துக்குப் படம் இல்லை, நாடகம் இல்லை. இப்படி ஏதாவது நடந்தால்தான் உண்டு.

அடுத்த வியாழக்கிழமை வயிற்றுக் குத்து என்று முதியோர் இல்லத்தில் பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். போகும் வழியெல்லாம் மனதுக்குள் அவளை உருவாக்கினேன். பொன் நிறத் தலைமயிர், சிவப்புச் சாயம் பூசிய வாய், குதியுயர்ந்த சப்பாத்து, வாசனைத் திரவியம். அறுவாள், நாசமாய்ப் போவாள் என்று திட்டினேன். ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் ஒரு ஸ்பானியப் பெண் நின்றாள். அவரின் பேரைச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டு “பிசியோ, பிசியோ” என்று நீண்ட ஒரு நடைகூடத்தைக் கையால் காட்டினாள். பிசியோ என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. அதுதான் அவளின் பேர் என்று நினைத்தேன். பேரைப் பார், பேரை, என்று புறுபுறுத்துக்கொண்டு நடந்தேன்.

கடைசியில் ஒரு கண்ணாடிக் கதவு. உள்ளே உயரமான ஒரு கட்டில். கட்டிலில் என் வீட்டுக்காரர் மல்லாக்கப் படுத்திருந்தார். வாய் திறந்திருந்தது. நித்திரை. கதவைப் பார்க்காமல், கதிரையில் இல்லாமல், பட்டப்பகலில், வாயைத் திறந்துகொண்டு நல்ல நித்திரை. கால்மாட்டில் ஒரு பெண் முக்காலியில் இருந்தாள். அவளின் மடியில் ஒரு துவாய், துவாயின் மேல் அவரின் வெறுங்கால். அவள் பெருவிரலால் அதை மெல்ல மெல்ல நீவிக்கொண்டிருந்தாள்.

நான் நினைத்த மாதிரி அவள் இல்லை. என்னைவிடப் பத்து வயசாவது மூப்பு. தோடு இல்லை, முகத்தில் ஒரு பொட்டுச் சாயமும் இல்லை, கட்டையாக வெட்டிய தலை. வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை. கை மட்டும் அகலமான, நல்ல பலமான கை. எனக்கு ஆத்திரம் இன்னும் கூடிற்று. அவள் அழகியாக இருந்திருந்தால் மயிரைப் பிடித்து இழுத்து ஒரு சண்டை போட்டிருக்கலாம், ஊரும் என் பக்கம் நின்றிருக்கும். வைத்தியம் செய்கிறவளோடு யார் சண்டை பிடிப்பது? அந்த ஆறுதல் கூட எனக்கு மிஞ்சவில்லை.

கதவைத் திறந்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். விரலை உதட்டில் வைத்து “ப்ஸ்ட்” என்றாள்.

எனக்கு! என் புருசனை நான் எழுப்பக் கூடாதாம்! நான் சுவிசுக்கு வந்த நாளிலிருந்து அந்த மனுசன் கண்ணை மூட வேண்டும் என்று கும்பிட்டுக் கிடக்கிறேன், இவள் விரலைக் காட்டி என்னை அடக்குகிறாள்!

“இஞ்சருங்கோ!” என்று கத்தினேன்.

அவர் திடுக்கிட்டு எழும்பினார். வீட்டில் எழும்புகிற அதே மாதிரி, இரண்டு காலையும் உள்ளுக்கு இழுத்துக்கொண்டு. என்னைக் கண்டார். கண்டதும் அவளின் மடியிலிருந்த துவாயைப் பறித்துக் காலை மூடினார். அவளிடமிருந்து மூடவில்லை, என்னிடமிருந்து மூடினார். பிறகு என்னைக் காட்டி “மைனே ஃப்ராவ்” என்று அவளுக்குச் சொன்னார், என் பெண்சாதி என்று. அவள் எழும்பி வந்து கை நீட்டினாள். அந்த எண்ணெய்க் கையை நான் தொடவில்லை. அவர் அவளிடம் டொச்சில், அதுதான் ஜெர்மன் மொழியில், ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். ஓம், இல்லை, பாப்பம் என்று மூன்று சொல்லோடு என்னை வைத்திருந்த மனுசனிடம் டொச்சில் பகிடி இருந்தது.

பஸ்ஸில் வரும்போது “என்ன சொல்லிச் சிரிச்சனீங்கள்?” என்று கேட்டேன்.

“காலின்ரை மணத்தைத் தாங்கினதுக்கு அவவுக்கு ஒரு பதக்கம் குடுக்கோணும் எண்டனான்.”

“எனக்கு ஏன் அந்தப் பகிடி சொல்லுறேல்லை?”



வீட்டுக்கு வந்து கறிச்சட்டியை அடுப்பில் வைத்த சத்தத்தில் கீழ்வீட்டுச் சுவிஸ்காரர் தடியால் தன் வீட்டு முகட்டில் தட்டினார். தட்டட்டும். அடுத்த நாள் மேல்வீட்டு அக்கா வழி மறித்து “என்ன பிள்ளை, ஆர் அவள்?” என்று கேட்டா. வைத்தியம் செய்கிற பெண் என்றேன். நாரிப்பிடிப்பு, கால் நோ எல்லாவற்றுக்கும் ஆஸ்பத்திரியில் அப்படி ஆட்கள் இருக்கிறார்களாம், அதற்குத்தான் பிசியோ என்று பேராம் என்றேன். “அவ்வளவுதானோ?” என்றா அக்கா. குரல் அப்படியே இறங்கிப் போயிற்று. அக்காவுக்குப் படம் முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் அவரோடு கதைக்கவில்லை. அவர் அதைக் கவனித்தாரோ தெரியாது. திங்கட்கிழமை பின்னேரம் சாப்பாட்டுக் கோப்பையை முன்னால் வைத்துவிட்டுக் கேட்டே விட்டேன்.

“அவளுக்குக் காட்டிற காலை எனக்குக் காட்ட ஏலாதோ? நான் ஆர் உங்களுக்கு? சோறு காச்சிறவளோ?”

“விடும்.”

“விட மாட்டன். அந்நியப் பொம்பிளையின்ரை மடியிலை வைக்கலாம், கட்டின பெண்சாதியின்ரை கண்ணிலை படக் கூடாது. இது எந்த ஊர் நியாயம்?”

 சோற்றைப் பிசைந்தபடி நிமிராமல் சொன்னார்.

“நீர் அழுவீர்.”

“அழுதா என்ன? மனுசருக்கு அழுகை வராதோ?”

“நீர் அழுதா நான்தான் உம்மைத் தேத்தோணும். அதுக்கு என்னட்டைப் பெலன் இல்லை.”

எனக்கு விளங்கவில்லை. அழுவதில் என்ன பிழை? எங்கள் பக்கத்தில் ஒருவர் பெரிய ஆபத்திலிருந்து தப்பி வந்தால் பெண்டுகள் கட்டிப்பிடித்து அழுவோம். அது முறை. அழாமல் நின்றால், பார், கல்லு மாதிரி நிக்கிறாள் என்று ஊர் சொல்லும். அவரை முகாமிலிருந்து விட்ட அன்றும் அப்படித்தான் அழுதோம். வாசலுக்கு வந்தவரை முதலில் மாமியார் கட்டிப்பிடித்தா. பிறகு பெரிய மச்சாள், சின்ன மச்சாள், பக்கத்து வளவுப் பெண்கள். கடைசியாக நான். புதுப்பொம்பிளை என்று வெட்கப்படாமல் எல்லாரையும் விடப் பலமாக அழுதேன். என்ரை ராசா, உங்களுக்கு என்ன செய்தவங்கள் என்று நான் வைத்த ஒப்பாரியை ஊரே மெச்சியது. மனுசனில் எவ்வளவு பட்சம் பாருங்கோ என்றார்கள். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அந்த நாளைத்தான் அவர் சொன்னார்.

“ஆமிக்காரர் ரோட்டிலை இறக்கி விட்டவங்கள். வீடு மட்டும் நடந்து வந்தனான். வாசலுக்கு வந்தா கதிரையிலை இருக்கலாம், வாசலுக்கு வந்தா இருக்கலாம் எண்டு நினைச்சு நினைச்சுத்தான் வந்தது. நீங்கள் ஒராள் மாறி ஒராள் பிடிச்சுக்கொண்டு அழுதியள். கதிரை எனக்குப் பின்னாலைதான் கிடந்தது. கட்டிப்பிடிச்ச கையை எடுத்தாத்தானே இருக்கலாம். எல்லாரும் அழுது முடியுமட்டும் அந்தக் காலிலை நிண்டனான். எனக்கு ஒண்டுமில்லை, அழாதையுங்கோ, எனக்கு ஒண்டுமில்லை எண்டு ஒவ்வொருத்தருக்கும் சொன்னனான். உமக்கும் சொன்னனான்.”

எனக்கு நினைவிருந்தது. என் தலையைத் தடவிச் சொன்னார். எவ்வளவு திடமான மனுசன் என்று அப்போது நினைத்தேன்.

“அவ முதல் நாள் என்ரை காலைப் பாத்தா. ஒரு முகமும் காட்டேல்லை. வடிவாப் பாத்திட்டு, இருங்கோ எண்டா. அவ்வளவுதான்.”

கோதாரி! ஒரே ஒரு சொல், உட்காரச் சொல்லும் சொல். இருங்கோ. வீடு நிறையப் பெண்டுகள் நின்றோம், அந்தச் சொல் எங்களில் ஒருத்தியின் வாயிலும் வரவில்லை. எங்கேயோ பனிக்குள் பிறந்து வளர்ந்து, எங்கள் ஊர் எந்தத் திசையில் கிடக்கிறது என்று தெரியாத ஒருத்தியின் வாயில் வந்தது. கேட்டபோது எனக்கு அவரில் இரக்கம் வந்தது, உண்மை. ஆனால் இரக்கத்துக்கு முன்னால் அவளில் பொறாமை வந்தது. அந்தச் சொல்லை அவள் எனக்கு முந்திச் சொல்லிவிட்டாள். இனி நான் எத்தனை தரம் சொன்னாலும் அது இரண்டாவதுதானே.

“டொச்சிலை எல்லாம் சொன்னனீங்களோ அவவுக்கு?”

“கொஞ்சம். டொச்சிலை சொன்னா அது வேறை ஆருக்கோ நடந்த மாதிரி. தமிழிலை சொன்னா நான் திரும்பவும் அங்கை போயிடுவன்.”

என் கண் கலங்கிவிட்டது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “பாத்தீரோ?” என்று கேட்டுவிட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனார்.

சரி, இவள் முகம் காட்டாமல் பார்த்தாள் என்றால் என்னால் ஏலாதா? முதியோர் இல்லத்தில் கிழவர்களின் புண்ணைக் கழுவிக் கட்டுகிற தாதிமார் இருந்தார்கள். நிலம் துடைக்கிற சாட்டில் அறை வாசலில் நின்று அவர்களின் முகத்தைப் படித்தேன். எவ்வளவு அழுகிய புண்ணானாலும் அவர்களின் புருவம் அசையாது. அதையே வீட்டில் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினேன். பல் விளக்கும்போது பழகினேன், வெங்காயம் உரிக்கும்போதும் பழகினேன். ஒரு நாள் அவர் கேட்டார்.

“ஏன் மூஞ்சையை உப்பிடி வைச்சிருக்கிறீர்? பல்லுக் கொதியோ?”

“ஒண்டுமில்லை. உங்கடை அலுவலைப் பாருங்கோ.”

அடுத்தடுத்த வியாழக்கிழமைகளில் நானும் கூடப் போனேன். என் வேலையின் நேரத்தை அதற்காக மாற்றிக்கொண்டேன். முதல் நாள் அவள் கதவைத் திறந்து பிடித்து என்னை உள்ளே வரச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. கதவு மூடிக்கொண்டது. நடைகூடத்தில் கிடந்த நீளப் பலகை வாங்கில் குந்திக்கொண்டு இருந்தேன். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். சில நேரம் ஒன்றும் கேட்காது. ஒன்றும் கேட்காத நேரம்தான் கூட எரியும், அவர் நித்திரை என்று அர்த்தம். பிறகு பிறகு அவரை ஆஸ்பத்திரியின் பின்பக்கப் புல்வெளிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வெறுங்காலோடு புல்லில் நடக்கப் பழக்கினாள். அவருக்கு முன்னால் அவள் பின்பக்கமாக நடக்க, அவர் அவளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அடி வைத்தார். யன்னலுக்கு உள்ளே நின்று நான் பார்த்தேன். புல் உயரம், கால் தெரியவில்லை. பிடித்த கை மட்டும் நன்றாகத் தெரிந்தது. ஊரில் நான் ஒரு நாளாவது என் புருசனின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியில் நடந்திருக்கிறேனா?

ஒரு நாள் முடிந்த பிறகு அவள் என் பக்கத்தில் வந்து வாங்கில் இருந்தாள். என் தோளில் கை வைத்து மெதுவாக ஒரு சொல் சொன்னாள். அவரைப் பார்த்தேன்.

“பொறுமையா இருக்கட்டாம்.”

“ஆரை?”

“உம்மைத்தான்.”

பொறுமை! கலியாணம் முடித்து மூன்று மாதத்தில் புருசனைப் பறிகொடுத்து, முகாம் வாசலில் நாள் நாளாய் வெயிலில் காய்ந்து, தனியாக விமானம் ஏறி வந்து, கதிரையில் நித்திரை கொள்கிற மனுசனைப் பார்த்துக்கொண்டு படுத்தவளுக்கு இவள் பொறுமை படிப்பிக்கிறாள்! “டாங்க” என்றேன். அவளிடம் நான் சொன்ன முதல் நன்றி அது. பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். இன்றைக்கும் அவளை நினைத்தால் எனக்கு நன்றிக்கு முன்னால் எரிச்சல்தான் வரும். இரண்டும் சேர்ந்துதான் வரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் வித்தியாசம் தெரிந்தது. படி ஏறும்போது கைப்பிடியைத் தேடுவதை விட்டார். கதிரையிலிருந்து கட்டிலுக்கு வந்தார், ஓரத்தில்தான், சுவரைப் பார்த்துத்தான், ஆனாலும் கட்டில். மேல்வீட்டு அக்கா மணி அடித்தால் குளியலறைக்கு ஓடாமல் நின்ற இடத்தில் நின்றார். இதெல்லாம் அவளின் கைராசி என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்குள் நடக்கிற ஒவ்வொரு நல்லதுக்கும் நான் அவளுக்குக் கடன்பட்டுக்கொண்டே போனேன். அது பெரிய ஆக்கினை.

அப்படியே வெயில் காலம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டு முடிந்து நான் குசினியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கட்டடத்தில் ஒரு சத்தமும் இல்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் சுவிஸ்காரர் தண்ணீர் திறக்கவும் யோசிப்பார்கள்.

“கொஞ்சம் வாரும்” என்று அறையிலிருந்து கூப்பிட்டார்.

போனேன். கட்டில் விளிம்பில் இருந்தார். என்னைப் பார்க்காமல் குனிந்து ஒரு மேஸைக் கழற்றினார். மற்றதையும் கழற்றினார்.  இரண்டு காலையும் நிலத்தில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். காலைக் காட்டத்தான் கூப்பிட்டார், ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது என் முகத்தை.

நான் நிலத்தில் இருந்தேன். ஒரு காலைத் தூக்கி மடியில் வைத்தேன். குதியில் சதையே இல்லாத மாதிரித் தட்டையாகக் கிடந்தது. உள்ளங்காலில் தோல் சில இடத்தில் மினுமினுவென்று, சில இடத்தில் கறை பிடித்த மாதிரிக் கறுத்து. இரண்டு விரல் பக்கத்து விரலின் மேல் ஏறிப் படுத்திருந்தன. ஒரு விரலில் நகமே இல்லை. என் தொண்டைக்குள் இருந்து அந்தப் பழைய ஒப்பாரி அப்படியே கிளம்பி வந்தது. என்ரை ராசா என்று வாய் வரை வந்துவிட்டது. கண்ணாடியில் பழகிய முகம் எங்கே போயிற்றோ தெரியாது, அது உதவவில்லை. உதவியது என் பழைய கோபம்தான். மற்ற விரல்களின் நகத்தைக் கண்டேன்.

“ஏன் நகம் உப்பிடி வளந்து கிடக்கு? உதை அவ வெட்டிவிடுறேல்லையோ?”

 அவர் சிரித்தார்.

“அது அவவின்ரை வேலை இல்லையப்பா.”

“அப்ப ஆற்றை வேலை?”

நகவெட்டியை எடுத்து வந்து திரும்பவும் இருந்தேன். ஒவ்வொரு விரலாகப் பிடித்து வெட்டினேன். ஏறிப் படுத்த விரலைத் தூக்கிப் பிடித்துத்தான் வெட்ட வேண்டியிருந்தது. நோகுதோ என்று கேட்டேன், இல்லை என்றார். தலைக்கு மேலே அவரின் சிரிப்பு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் மாறியது. நிமிர்ந்து பார்த்தேன். அழுதார். முதலில் சத்தமில்லாமல், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்திய கையை எடுத்துவிட்டு. அவரின் தோள் குலுங்கியது, என் மடியில் இருந்த காலும் குலுங்கியது.

எழும்பிக் கட்டிப்பிடிக்க என் இரண்டு கையும் துடித்தன. கட்டிப்பிடிக்கவில்லை. அழாதையுங்கோ என்றும் சொல்லவில்லை. காலை விடாமல் பிடித்தபடி இருந்தேன். கீழ்வீட்டுக்காரர் முகட்டில் தட்டினார். தட்டட்டும் என்று விட்டுவிட்டேன். எவ்வளவு நேரம் அழுதார் என்று தெரியாது. யன்னலடி வெயில் கட்டில் காலடிக்கு வந்துவிட்டது.

ஓய்ந்த பிறகு சட்டை நுனியால் முகத்தைத் துடைத்தார். எனக்கு மனதில் ஒரு கேள்வி இருந்தது. அந்த நேரத்தில் அதைக் கேட்கக் கூடாது என்று தெரியும். கேட்காமல் இருக்க என்னால் ஏலவில்லை.

“அங்கையும் அழுதனீங்களோ? அவவுக்கு முன்னாலை?”

“இல்லை.”

“ஒரு நாளும்?”

“ஒரு நாளும் இல்லை. அங்கை நித்திரைதான் வரும்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

“அப்ப மற்றக் காலைத் தாங்கோ” என்றேன்.